கடித்தால் இழுபடும் தேங்காய் மக்ரூன்

தூத்துக்குடி என்று ஊர்ப் பெயரைச் சொன்னதுமே "மக்ரூன் செய்யத் தெரியுமா?" என்று கேட்பவர்கள் மும்பையின் செம்பூரில் நிறைய. தெரியும், ஆனால் செய்வதில்லை. முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு மூன்றை மட்டும் வைத்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் நெடுநேரம் உலர விடுகிற பண்டம் அது. காய்ந்த மொறுமொறுப்புதான் அதற்கு உயிர். ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். ஊரிலிருந்து வந்த டப்பாவைக் காலையில் திறந்து மூடாமல் வைத்தால் சாயங்காலத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அதனால் கேட்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பது தேங்காய் மக்ரூன். மேலே பொன்னிறமாக ஒரு மெல்லிய முறுகல், உள்ளே ஈரமாக, பல்லுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்து இழுபட வேண்டும். இந்த ஊர்க் காற்றுக்கு இதுதான் தோது. தூத்துக்குடி மக்ரூனில் ஈரத்தை வெளியேற்றப் பாடுபடுவோம். இதில் உள்ளே இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் பிடித்துவைக்கப் பாடுபட வேண்டும். கீழே நான் சொல்கிற ஒவ்வொன்றும் அதற்காகத்தான்.

முதலில் தேங்காய், அதாவது காய்ந்த துருவலாக வரும் டெசிகேட்டட் தேங்காய். மளிகைக் கடையில் "நாரியல் பூரா" என்று கேட்டால் கடைக்காரர் "மோட்டாவா, பாரீக்கா?" என்று திருப்பிக் கேட்பார். பாரீக் என்கிற பொடி ரகத்தை வாங்காதீர்கள். அது இருக்கிற ஈரத்தையெல்லாம் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெந்ததும் நெறுநெறுவென்று உதிரும். நீள நீளமாக இருக்கும் மோட்டாவும் வேண்டாம், உருட்டும்போது பிடிமானம் வராது. இரண்டுக்கும் நடுவே, விரலால் தேய்த்தால் நார் நாராகத் தெரிகிற ரகம் கிடைத்தால் அதுதான் சரி. கிடைக்கவில்லையா, மோட்டாவை வாங்கி மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு நிறுத்துங்கள். இரண்டாவது சுற்று விட்டால் எண்ணெய் கசிய ஆரம்பித்துவிடும்.

கொப்பரையைத் துருவிப் போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. டெசிகேட்டட் தேங்காய் என்பது முற்றிய தேங்காயின் பழுப்புத் தோலைச் சீவி எடுத்துவிட்டு, வெள்ளைப் பருப்பை மட்டும் துருவி, சூடான காற்றில் உலர்த்துவது. கொப்பரை எண்ணெய் ஆட்டுவதற்காகக் காயவைப்பது, அந்த எண்ணெய் வாசம் மக்ரூனில் அப்படியே வந்து உட்காரும். எதை வாங்கினாலும் பாக்கெட்டில் பேக் செய்த தேதியைப் பாருங்கள். உலர்ந்த தேங்காயில் பாதிக்கு மேல் கொழுப்புதான், வெயிலில் கிடந்த பாக்கெட் என்றால் காறிப் போயிருக்கும். சில்லறையாக வாங்கினால் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள். தொண்டையில் கமறினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

பச்சைத் தேங்காயிலும் செய்யலாம், ருசி ஒரு படி மேல்தான். ஆனால் அதில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். வெள்ளைப் பகுதியை மட்டும் 300 கிராம் துருவி, அடி கனமான வாணலியில் மிகச் சிறிய தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆவி அடங்கி, துருவல் கையில் ஒட்டாமல் பிரிந்து விழும்போது எடை 200 கிராம் பக்கம் வந்திருக்கும். நிறம் மாறவே கூடாது. மாதுங்கா மார்க்கெட் பக்கம் போனால் நல்ல கனத்த காயாகக் கிடைக்கும். காதருகே ஆட்டிப் பார்த்து வாங்க நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ஆனால் பச்சைத் தேங்காய் மக்ரூன் இரண்டாம் நாளே வாசம் மாறும். அன்றைக்கே தின்று தீர்க்கிற கூட்டம் வீட்டில் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

இனி அளவு. சுமார் 20 மக்ரூனுக்கு டெசிகேட்டட் தேங்காய் 200 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, வெண்ணிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. கண்டென்ஸ்டு மில்க்கைக் கரண்டியால் அளக்காதீர்கள், பாதி கரண்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். பாத்திரத்தைத் தராசில் வைத்து நேராக அதிலேயே ஊற்றுங்கள். முட்டை 50 கிராம் இருந்தால் அதில் வெள்ளைக்கரு 30 கிராம் போல இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து 60 கிராம். சின்ன முட்டையாக இருந்தால் மூன்றாவதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்.

இதோடு லிக்விட் குளுக்கோஸ் 1 தேக்கரண்டி சேர்த்தால் மூன்றாம் நாளும் உள்ளே மெத்தென்று இருக்கும். சர்க்கரை மறுபடியும் கல்கண்டாக உறையாமல் அது தடுக்கிறது. கிராஃபர்ட் மார்க்கெட்டில் கேக் சாமான் விற்கும் கடைகளில் சின்ன டப்பாவாகக் கிடைக்கும். இதற்காக மெனக்கெட்டு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, தேன் 1 தேக்கரண்டி விட்டாலும் அதே வேலையைச் செய்யும். தேன் வாசம் லேசாகத் தெரியும், அவ்வளவுதான்.

சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுக்காரருக்குச் சுகர். "கண்டென்ஸ்டு மில்க்கே இனிப்பு, பாதியாகக் குறைத்துப் போடேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். இந்தப் பண்டத்தில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை, தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். அதைக் குறைத்தால் ஓவனுக்குள் ஈரம் ஓடிப்போய், தொண்டையில் விக்குகிற தேங்காய் உருண்டைதான் மிஞ்சும். இனிப்பு குறைவாகச் சாப்பிட வேண்டியவர்களுக்கு நான் கோலிக்குண்டு அளவில் சின்னதாகச் செய்து, ஒன்றே ஒன்று கொடுப்பேன். உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், திகட்டலை அடக்குவது அந்தக் கால் தேக்கரண்டிதான்.

முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிர்ச்சியாக இருக்கும்போதே பிரித்துவிடுங்கள். மஞ்சள் கரு கெட்டியாக நிற்கும், உடையாது. பிரித்த வெள்ளைக்கருவை அரை மணி நேரம் வெளியே வைத்து அப்புறம் அடியுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும், வெள்ளைக்கரு நுரைக்காது. மிஞ்சிய மஞ்சள் கரு மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு மூடி வைத்தால் ஆடை கட்டாமல் இருக்கும், மறுநாள் ஆம்லெட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு அடிப்பது? இதில்தான் பலர் தேவைக்கு மேல் உழைக்கிறார்கள். தூத்துக்குடி முறையில் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அடிப்பார்கள். இங்கே அது வேண்டாம். உப்பைப் போட்டு, நுரை வந்ததும் சர்க்கரையை இரண்டு தவணையாகச் சேர்த்து, கரண்டியைத் தூக்கினால் நுனி லேசாகத் தலை சாய்க்கிற பதத்தில் நிறுத்திவிடுங்கள். கையால் அடித்தாலே ஐந்தாறு நிமிடத்தில் அந்தப் பதம் வந்துவிடும். காற்று அதிகமாக ஏறினால் மக்ரூன் லேசாகி, உள்ளே பஞ்சு மாதிரி காய்ந்துவிடும். நமக்குக் கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும்.

இன்னொரு பெரிய பாத்திரத்தில் தேங்காய், கண்டென்ஸ்டு மில்க், வெண்ணிலா, குளுக்கோஸ் எல்லாவற்றையும் போட்டுப் பிசறுங்கள். தேங்காயில் வெள்ளையாகத் தனித்துத் தெரிகிற இடமே இருக்கக்கூடாது. அப்புறம் அடித்த வெள்ளைக்கருவில் மூன்றில் ஒரு பங்கை முதலில் போட்டு இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு, மீதியை அடியிலிருந்து மேலாகப் புரட்டிச் சேருங்கள்.

சேர்த்ததும் ஓவனில் தள்ள அவசரப்படாதீர்கள். மூடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். எங்கள் மேல்மாடியில் இருக்கும் கோவாக்கார ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்குப் பொலின்யாஸ் செய்வார். தேங்காயும் ரவையும் போட்ட பிஸ்கட் அது. பிசைந்த மாவை ராத்திரி முழுக்க மூடி வைத்து மறுநாள்தான் தட்டுவார், ரவை ஊற வேண்டுமாம். காய்ந்த தேங்காய்க்கும் அதே நியாயம்தான், ஆனால் வெள்ளைக்கரு நுரை ராத்திரி முழுக்கத் தாங்காது என்பதால் அரை மணியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊறாத தேங்காய் ஓவனுக்குள் போய்த்தான் பாலை உறிஞ்ச ஆரம்பிக்கும். அதற்குள் பால் கீழே வழிந்து, ஒவ்வொரு மக்ரூனின் காலடியிலும் பழுப்பாக ஒரு வட்டம் கட்டிக் கருகிவிடும்.

அரை மணி கழித்து வெளியே எடுத்து ஒரு பிடியை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரல் இடுக்கில் பால் கசியக்கூடாது. கசிந்தால் 1 மேசைக்கரண்டி தேங்காய் சேர்த்து இன்னும் பத்து நிமிடம் வையுங்கள். விண்டு விண்டு உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் கண்டென்ஸ்டு மில்க். மழைக்காலத்தில் திறந்த பாக்கெட்டிலுள்ள தேங்காயே ஈரம் வாங்கியிருக்கும், அதனால் ஜூலையில் ஒரு அளவும் ஜனவரியில் ஒரு அளவுமாக இந்தக் கடைசி ஸ்பூன் மாறும். இதைக் கைதான் சொல்ல வேண்டும், தராசு சொல்லாது.

உருட்டுவதற்குக் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 25 கிராம் போல, எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம் சின்னதாக. லட்டு பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிக்கக்கூடாது. உருட்டி முடித்ததும் மேலே இரண்டு விரலால் கிள்ளி, நார்கள் அங்கங்கே குத்திட்டு நிற்கிற மாதிரி கலைத்துவிடுங்கள். அந்த நுனிகள்தான் முதலில் சிவந்து முறுகும்.

விநாயகர் சதுர்த்தி சமயத்தில் தாதர் கடைத்தெருவில் விற்கும் சின்ன மோதக அச்சு இதற்கு அருமையாக உதவும். உள்ளே நெய் தடவி, கலவையை லேசாக அழுத்தி எடுத்தால் கூம்பாக, வரிவரியாக வரும். ஊர் மக்ரூனின் சாயலும் கிடைக்கும். ஒன்று மட்டும்: முட்டை பட்ட அச்சைப் பூஜைக்கு எடுக்க முடியாது. தனியாக ஒன்று வாங்கி, அழியாத மார்க்கர் பேனாவால் அடையாளம் போட்டு, மாமியார் கைக்கு எட்டாத தட்டில் வைத்துவிடுங்கள்.

தட்டில் விரிக்கும் காகிதம் முக்கியம். கடையில் பட்டர் பேப்பர் என்று கொடுப்பது பெரும்பாலும் எண்ணெய் உறிஞ்சாத வெறும் தாள்தான். கண்டென்ஸ்டு மில்க் அதில் சிமென்ட் போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். சிலிக்கான் பூசிய பேக்கிங் பேப்பர் என்று கேட்டு வாங்குங்கள். பட்டர் பேப்பர்தான் இருக்கிறது என்றால் நெய் தாராளமாகத் தடவுங்கள்.

ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவனை மேல் கம்பி, கீழ் கம்பி இரண்டும் போட்டு 160 டிகிரியில் பதினைந்து நிமிடம் சூடேற்றுங்கள். தட்டு நடுத்தட்டில். 180 டிகிரி என்று எழுதியிருக்கும் குறிப்புகளை நம்ப வேண்டாம். கண்டென்ஸ்டு மில்க்கில் பால் புரதமும் சர்க்கரையும் சேர்ந்தே இருப்பதால் சீக்கிரம் சிவந்துவிடும். 180-இல் வைத்தால் நடுப்பகுதி வேகுமுன் வெளியே கருகும். ஓடிஜியின் திருகில் 160 என்று வைத்தால் உள்ளேயும் 160 இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள், ஓடிஜி வைத்திருக்கும் எல்லோருக்கும் நான் சொல்வது இது. கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் என்றால் அதில் விசிறி ஓடும், மேல்பக்கம் சீக்கிரம் காயும், 150 போதும். குக்கரில் உப்பு போட்டுச் சுடலாமா என்றால், சுடலாம், ஆனால் சூடு அடியிலிருந்து மட்டுமே வருவதால் மேலே நிறமே பிடிக்காது. எனக்கு அதில் இஷ்டமில்லை.

12 நிமிடம் ஆனதும் தட்டை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள், பெரும்பாலான ஓடிஜிகளில் பின்பக்கச் சூடு அதிகம். அதன் பிறகு அடுக்களையை விட்டு நகராதீர்கள். 17, 18 நிமிடத்தில் குத்திட்டு நிற்கும் நார்களின் நுனி பழுப்பாகும், அடிவிளிம்பில் பொன்னிற வளையம் தெரியும், ஆனால் பக்கவாட்டில் இன்னும் வெள்ளையாக, ஈரம் மினுக்குகிற மாதிரி இருக்கும். பார்த்தால் வேகவில்லை என்றுதான் தோன்றும். 20 நிமிடத்தில் அந்த மினுக்கம் அடங்கியிருக்கும். ஒன்றை ஓரமாகத் தள்ளிப் பாருங்கள். அடி ஒட்டாமல் நகர்ந்து, மேலே தொட்டால் உறுதியாகவும் நடுவே அழுத்தினால் அமுங்குவதாகவும் இருந்தால் எடுத்துவிடுங்கள். முழுக்கச் சிவக்கட்டும் என்று இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் மேலே அழகாகத்தான் இருக்கும், மறுநாள் கடிக்க முடியாது. அதற்கு முன்பே மேலே சிவந்து நடுப்பகுதி கொழகொழவென்று இருந்தால் மேல் கம்பியை நிறுத்திவிட்டுக் கீழ்ச் சூட்டில் மட்டும் மூன்று நிமிடம் விடுங்கள்.

வெளியே எடுத்ததும் சூடாக இருக்கும்போது தூக்கினால் உடையும். வெள்ளைக்கரு கிட்டத்தட்ட 62 டிகிரியில் இறுக ஆரம்பித்து, 80-ஐ ஒட்டித்தான் முழுதாகக் கெட்டியாகும். சர்க்கரை சேர்ந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும். தட்டின் சூடே மீதி வேலையை முடித்துவிடும். பத்து நிமிடம் தட்டிலேயே, அப்புறம் கம்பித் தட்டில். ஃபேனுக்கு நேர் கீழே வைக்காதீர்கள், மேலோடு வறண்டு வெடிக்கும். சுடச்சுட ஒன்றைத் தின்றுபார்ப்பது உங்கள் உரிமை, ஆனால் இழுபடும் பதம் ஆறி மூன்று மணி நேரம் கழித்துத்தான் வரும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்களிடமிருந்து அந்த மூன்று மணி நேரம் காப்பாற்றுவது இந்தச் செய்முறையிலேயே கஷ்டமான கட்டம்.

சேர்மானம் என்று பார்த்தால் கலவையில் 30 கிராம் உடைத்த முந்திரி போடலாம், ஊர்ப் பாசத்துக்காக நான் போடுவேன். ஒரு எலுமிச்சையின் தோலை மேலோட்டமாகத் துருவிப் போட்டாலும் நன்றாக இருக்கும். பேக்கரியில் மாதிரி நடுவே சிவப்பு செர்ரி வைப்பது, சாக்லேட்டில் முக்குவது இரண்டும் எனக்குப் பிடிக்காது. மே மாத மும்பையில் சாக்லேட் டப்பா முழுக்க அப்பிக்கொள்வதைத் தவிர வேறு ஒன்றும் செய்யாது.

நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே காகிதம் வையுங்கள். குளிர்காலத்தில் வெளியே இரண்டு மூன்று நாள் தாங்கும். மழைக்காலத்தில் வெளியே ஒரு நாளுக்கு மேல் வேண்டாம், ஈரமான இனிப்பு என்பதால் பூசணம் பிடிக்கும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வரை வைக்கலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து உடனே கடித்தால் கல் மாதிரி இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைகிற சங்கதி, உள்ளே இருக்கும் கொழுப்பும் அப்படித்தான் இறுகியிருக்கும். இருபது நிமிடம் வெளியே வைத்தால் பழைய பதத்துக்கு வந்துவிடும். மேல் முறுகல் போய் நமுத்துவிட்டால் 150 டிகிரியில் நான்கு நிமிடம் காட்டினால் போதும்.

மும்பையில் ஒரு கட்டடத்தில் இருந்துகொண்டு முட்டை போட்ட பண்டத்தை மட்டும் செய்தால் பாதி வீடுகளுக்குக் கொடுக்க முடியாது. எதிர்வீட்டு குஜராத்தி பாபிக்கு (அண்ணி என்று கூப்பிடுவது) நான் செய்வது இது: தேங்காய் 200 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 220 கிராம், சோளமாவு 1 மேசைக்கரண்டி, பால் 1 மேசைக்கரண்டி, உப்பு, ஏலக்காய்ப் பொடி. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசறி, அரை மணி ஊறவிட்டு, இதைக் கொஞ்சம் இறுக்கியே பிடித்து, 150 டிகிரியில் 18 நிமிடம். வெள்ளைக்கருவின் பிடிமானம் இல்லாததால் சூடாக இருக்கையில் தொட்டாலே கலையும், ஒரு மணி நேரம் தட்டை விட்டு எடுக்கவே கூடாது. இழுபடுவது கொஞ்சம் குறைவு, பர்ஃபியின் பக்கம் சாயும். பாத்திரம், கரண்டி, தட்டு எல்லாம் தனியாக வைத்து முதலில் இதைச் செய்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் முட்டையை உடைப்பேன். பாபி கேட்டதில்லை, கேட்டால் சொல்வதற்குப் பதில் இருக்க வேண்டும் இல்லையா.